மெஷின் இல்லாமல் எஸ்பிரெசோ போலத் திடமான காபி: பாத்திரமும் துணியும் போதுமா?

கேள்வி இதுதான். வீட்டில் எஸ்பிரெசோ மெஷின் இல்லை, மோக்கா பாட், ஏரோபிரெஸ் போன்ற காபிக் கருவிகள் எதையும் வாங்கும் எண்ணமும் இல்லை. அடுப்பு, பாத்திரம், கண்ணாடி ஜாடி, டீ வடிகட்டி இருக்கின்றன. 200 மில்லி தண்ணீருக்கு வழக்கமாகப் போடும் 2 கரண்டிப் பொடியை 4 கரண்டியாக்கி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தும் பார்த்தாயிற்று. கசப்புதான் ஏறுகிறது. பாலை ஊற்றியதும் காபி இருந்த இடமே தெரியவில்லை. எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது?

உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாலுக்கு ஈடுகொடுக்கும் அளவு திடமான காபி வேண்டும் என்பது ஒன்று. சின்னக் கோப்பையில் மேலே பொன்னிற நுரை படர்ந்த எஸ்பிரெசோவே வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது கைவசம் இருக்கும் சாமான்களாலேயே முடியும், அதுவும் நன்றாகவே முடியும். இரண்டாவது முடியாது. யார் எந்த வித்தை காட்டினாலும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏன் முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்பிரெசோ மெஷின் சுமார் 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரை நைசான பொடிக்குள் தள்ளுகிறது. 9 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 9 கிலோ எடை உட்கார்ந்தது போல. 18 கிராம் பொடியிலிருந்து 25, 30 வினாடிகளில் 36 கிராம் அளவுக்குக் காபி இறங்கும். கொட்டையை வறுக்கும்போது அதற்குள் அடைபட்ட கரியமில வாயு அந்த அழுத்தத்தில் தண்ணீரில் கரைந்து, வெளியே வந்ததும் பொடிப்பொடிக் குமிழிகளாக விரிகிறது. காபியின் எண்ணெயும் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி அதே திரவத்தில் மிதக்கிறது. க்ரீமா என்கிற அந்த நுரையும், நாக்கில் படியும் கனமும் இப்படி வருபவை. மோக்கா பாட்டிலேயே ஒன்று, ஒன்றரை பார்தான் கிடைக்கும். அதனால்தான் அதிலும் அசல் க்ரீமா நிற்பதில்லை. துணியைக் கையால் பிழிந்து அந்த இடத்துக்குப் போக வழியே இல்லை.

ஆனால் திடம் வேறு கணக்கு. காபியின் திடம் என்பது கோப்பையில் இருக்கும் திரவத்தில் எத்தனை சதவீதம் காபிப் பொருள் கரைந்திருக்கிறது என்பதுதான். சாதாரணமாக வடித்த காபியில் அது 1.2 முதல் 1.5 சதவீதம். எஸ்பிரெசோவில் 8 முதல் 12 சதவீதம். இன்னொரு அளவும் உண்டு: பொடியிலிருந்து எவ்வளவு கரைந்து வெளியே வந்தது என்பது. வறுத்த கொட்டையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரில் கரையும். ஆனால் 18 முதல் 22 சதவீதம் வரை எடுப்பதுதான் ருசிக்கு நல்லது. முதலில் கரைவது புளிப்பும் வாசனையும், அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் கடுங்கசப்பும் துவர்ப்பும். அதனால் நேரத்தையும் சூட்டையும் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது திடம் அல்ல, அந்தக் கடைசிப் பங்கு.

உங்கள் 4 கரண்டியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மேசைக்கரண்டியில் தட்டையாக எடுத்தால் ஒன்று சுமார் 5 கிராம். ஆக 20 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தால் 4 கிராம். 200 மில்லியில் 4 கிராம் என்றால் 2 சதவீதம்தான். எஸ்பிரெசோவின் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு அதே அளவு பாலைச் சேர்த்தால் 1 சதவீதம். சாதாரணக் கருப்புக் காபியை விடவும் நீர்த்தது. ஐந்து நிமிடக் கொதி வாசனையை ஆவியோடு விரட்டிவிட்டுக் கசப்பை மட்டும் உள்ளே இறக்கியிருக்கிறது. பொடியைக் கூட்டினீர்கள், தண்ணீரைக் குறைக்கவில்லை. தப்பு அங்கேதான்.

தண்ணீரைக் குறைத்தால் உடனே அடுத்த தொல்லை வரும்: சக்கை. ஒரு கிராம் பொடி ஏறக்குறைய 2 கிராம் தண்ணீரைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 30 கிராம் பொடிக்கு 150 மில்லி ஊற்றினால் வடித்தெடுக்க 90 மில்லிதான் கிடைக்கும். 90 மில்லி மட்டும் ஊற்றினால் 30 மில்லிதான். அதுவும் எதிர்பார்த்த திடத்தோடு வராது, ஏனென்றால் தண்ணீர் குறையக் குறைய அதற்குக் கரைக்கும் சக்தியும் குறைகிறது. 1 பங்கு பொடிக்கு 5 பங்கு தண்ணீர் என்றால் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். 1க்கு 3 என்று குறுக்கினாலும் 5 சதவீதத்தை எட்டுவதே பாடு. கூடுதலாக ஒரு சதவீதத்துக்காக மூன்றில் இரண்டு பங்கு டிகாக்‌ஷனைச் சக்கைக்குத் தாரைவார்க்க வேண்டியிருக்கும். அதனால் ஊறவைக்கும் முறையில் 1க்கு 5 என்ற இடத்திலேயே நிற்பதுதான் என் பரிந்துரை.

4 சதவீதம் என்றால் எஸ்பிரெசோவில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 90 மில்லி டிகாக்‌ஷனில் 4 சதவீதம் என்றால் கரைந்த காபி 3.6 கிராம். டபுள் எஸ்பிரெசோ ஒன்றில், 36 கிராமில் 10 சதவீதம் என்றால், அதே 3.6 கிராம். இரண்டிலும் இருக்கும் காபி ஒன்றுதான். நம்முடையதில் 54 மில்லி தண்ணீர் கூடுதல். அந்த 54 மில்லியைப் பாலில் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். எஸ்பிரெசோவோடு 150 மில்லி பால் சேர்க்கும் இடத்தில், 90 மில்லி டிகாக்‌ஷனோடு 95 மில்லி பால். கொஞ்சம் தண்ணீராகத் தோன்றாமல் இருக்கக் கொழுப்பு நீக்காத பாலாக எடுங்கள். பால் காபிக்காகத்தான் இத்தனையும் என்றால், மெஷின் இல்லாத குறை இந்த ஒரு மாற்றத்திலேயே பெருமளவு போய்விடும்.

இனி பொடி. இடைத்தர வறுவலை விடச் சற்றுக் கருத்த வறுவலே இதற்கு ஏற்றது. கருக்க வறுத்த கொட்டை பொலபொலவென்று இருக்கும், சுலபத்தில் கரையும், புளிப்பும் குறைவு. வெளிர் வறுவலை இப்படிக் குறைந்த தண்ணீரில் ஊறவைத்தால் எலுமிச்சை பிழிந்தது போலப் புளிக்கும். அது கொட்டையின் குற்றமில்லை. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், நாம் கொடுப்பது கொஞ்சம். சிக்கரி கலந்த பொடி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் நிறையக் கொடுக்கும். அதைக் காபியின் திடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சிக்கரியில் காஃபீனே கிடையாது. பிடித்தால் போட்டுக்கொள்ளலாம், அளவுகளைப் பழகும்வரை சுத்தமான பொடியில் போட்டுப் பார்த்தால் எதனால் என்ன மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அரைக்கும் பதம் முக்கியம். ஊறவைப்பதற்குப் பொடி உப்பின் பதம் வேண்டும்: விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று படவேண்டும், மாவு போல ஒட்டக்கூடாது. எஸ்பிரெசோவுக்கென்று விற்கும் பொடி இதைவிட நைசு. அதைப் போட்டால் துணி அடைத்துக்கொள்ளும், வடிவதற்கே பத்து நிமிடம் ஆகி, அந்த நேரமெல்லாம் கசப்பு இறங்கும். வீட்டில் மிக்சியில் அரைப்பவர்கள் தொடர்ந்து ஓட்டாமல் இரண்டு இரண்டு வினாடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள், நடுநடுவே ஜாரைக் குலுக்குங்கள். பிளேடு வெட்டும்போது கொஞ்சம் தூளாகும், கொஞ்சம் கட்டையாக நிற்கும். அதைத் தவிர்க்க முடியாது. அரைத்ததை டீ வடிகட்டியில் சலித்து, மேலே நின்ற கட்டைகளை மட்டும் மறுபடி ஓட்டினால் பதம் ஓரளவு ஒன்றுபோல வரும். இந்த ஒரு வேலை இரண்டு நிமிடம்தான், பலன் மற்ற எல்லா நுணுக்கத்தையும் விடப் பெரிது. கட்டை புளிப்பைக் கொடுக்கும், தூள் கசப்பைக் கொடுக்கும். இரண்டும் ஒரே கோப்பையில் இருந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

வடிகட்ட நெருக்கமாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு கைக்குட்டை அளவு, 25 சென்டிமீட்டர் சதுரம் போதும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து அலசுங்கள். டீ வடிகட்டியை மட்டும் நம்பினால் மண்டி அப்படியே கோப்பைக்கு வரும். குடித்து முடிக்கும்வரை அது கரைந்துகொண்டே இருப்பதால் கடைசி வாய் கஷாயம் போல ஆகிவிடும்.

சூட்டைப் பற்றி எங்கும் சொல்லப்படும் அறிவுரை, தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள் என்பது. லிட்டர் கணக்கில் போடுபவர்களுக்கு அது சரி. 150 மில்லிக்கு அது தப்பு. 300 கிராம் எடையுள்ள குளிர்ந்த கண்ணாடி ஜாடியும் 30 கிராம் பொடியும் சேர்ந்து அந்தக் கொஞ்சத் தண்ணீரின் சூட்டை உறிஞ்சி, பத்துப் பதினைந்து டிகிரியை ஒரே மூச்சில் கீழே இழுத்துவிடும். பிறகு 80 டிகிரியில் ஊறுகிற காபி சப்பென்றுதான் இருக்கும். ஆகவே ஜாடியை முதலில் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, கொதி நின்ற கையோடு ஊற்றுங்கள். மிகக் கருத்த வறுவல் என்றால் மட்டும் கால் நிமிடம் பொறுக்கலாம். குளிர்ந்த கண்ணாடியில் திடீரென்று கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும், அதனால் மிதமான சூட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சூடாக்குங்கள். கனமான எவர்சில்வர் டம்ளரை ஒரு துண்டில் சுற்றி வைத்தாலும் அதே பலன். உடையுமோ என்ற பயமும் இல்லை.

செய்முறை இப்படி. சூடான ஜாடியில் 30 கிராம் பொடி. முதலில் 60 மில்லி கொதிநீரை ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் அடிவரை கிளறி, எல்லாப் பொடியும் நனைந்து சேறு போல ஆக வேண்டும். உலர்ந்த உருண்டை ஒன்று உள்ளே ஒளிந்திருந்தாலும் அத்தனையும் வீண், அதனால் ஜாடியின் மூலைகளில் கரண்டியை விட்டுத் தடவிப் பாருங்கள். புதிதாக வறுத்த பொடியாக இருந்தால் இப்போது உப்பி எழும்பும், மேலே குமிழி வெடிக்கும் சத்தமே கேட்கும். அந்த வாயு வெளியேறாவிட்டால் தண்ணீர் உள்ளே புகாது, 40 வினாடி விடுங்கள். பிறகு மீதி 90 மில்லியை ஊற்றி, ஒரு முறை கிளறி, மூடி வையுங்கள். ஊற்றத் தொடங்கியதிலிருந்து 4 நிமிடம். இந்த நேரத்தில் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு ஆடை கட்டியிருக்கும். அதைக் கரண்டியால் உடைத்துவிட்டால் பொடி அடியில் இறங்கத் தொடங்கும். ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டீ வடிகட்டி மேல் விரித்து, முதலில் மேலே தெளிந்ததை மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். சக்கை கடைசியில் வரட்டும். முதலிலேயே சக்கையைக் கொட்டினால் அதுவே துளைகளை அடைத்துவிடும்.

வடிந்து நின்றபின் துணியின் நான்கு முனையையும் சேர்த்து முறுக்கி, ஒரு கரண்டியால் வடிகட்டியின் சுவரோடு அழுத்துங்கள். கை சுடும், வெறுங்கையால் பிழிய வேண்டாம். சொட்டுச் சொட்டாக இன்னும் 10, 15 மில்லி கிடைக்கும், அதுவும் அதே திடத்தில். ஆனால் முழுப் பலத்தோடு முறுக்கினால் நுண்ணிய தூள் துணியைத் தாண்டி வரும், டிகாக்‌ஷன் கலங்கிச் சேற்று நிறமாகும். திரவம் தெளிவாக இருக்கும்வரை அழுத்துங்கள். கலங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முடிவில் 100 மில்லி அளவுக்குக் கையில் இருக்கும். பால் சேர்த்தால் ஒருவருக்கு மிகத் திடமான பெரிய கோப்பை, அல்லது இருவருக்குச் சாதாரணத் திடத்தில்.

இதைவிடத் திடம் வேண்டுமென்றால், வடித்த காபியையே தண்ணீராக வைத்து இன்னொரு முறை போடலாம். அந்த 90 மில்லியைக் கொதிக்க விடாமல் ஆவி நன்றாகப் பறக்கும் அளவு சூடாக்கி, 15 கிராம் புதுப் பொடி மேல் ஊற்றி, கிளறி, 3 நிமிடத்தில் வடியுங்கள். 60, 65 மில்லி கிடைக்கும், திடம் 6 சதவீதத்தைத் தாண்டும். சின்னக் கோப்பையில் பால் இல்லாமல் குடிக்க நினைப்பவர்களுக்கு, ஊறவைக்கும் முறையில் எஸ்பிரெசோவுக்கு மிக அருகில் வருவது இதுதான். விலையும் உண்டு: மொத்தம் 45 கிராம் பொடி செலவாகிறது. மறுபடி சூடாக்கியதில் வாசனையின் மேல்தட்டுப் போய்விடும். தினமும் செய்யச் சொல்லமாட்டேன். ஐஸ் காபிக்கோ கேக்கில் ஊற்றுவதற்கோ நல்லது.

ஊறவைப்பதற்குப் பதிலாகச் சொட்டவிட்டு எடுப்பது இன்னொரு வழி. கைப்பழக்கம் வந்தால் இதில்தான் திடம் அதிகம். பொடிப் படுக்கை வழியாக இறங்கும் தண்ணீரில் முதலில் வரும் பங்குதான் மிகவும் கெட்டி. போகப் போக நீர்த்துவிடும். ஆகவே முதல் பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதே இதன் சூட்சுமம். குறுகிய, ஆழமான ஏதாவது வேண்டும். அகன்ற வடிகட்டியில் பொடி அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும், தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அடியில் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தால் அருமை. இல்லையென்றால் துணியை ஆழமான கூம்பாக மடித்து, குறுகிய டம்ளர் வாயில் ரப்பர் பேண்ட் போட்டுப் பொருத்துங்கள். 25 கிராம் பொடியைச் சமமாகப் பரப்பி, ஒரு கிண்ணத்தின் அடியால் லேசாக அமர்த்துங்கள். 45 மில்லி கொதிநீரை மெதுவாகச் சுற்றிலும் ஊற்றி ஒன்றரை நிமிடம் விடுங்கள். பிறகு 15 மில்லி, 15 மில்லியாக, முந்தையது இறங்கியபின் ஊற்றுங்கள். கீழே 40 மில்லி சேர்ந்ததும் டம்ளரை எடுத்துவிடுங்கள். அதன்பின் வருவது வேறு பாத்திரத்தில் விழட்டும். இறங்க 6 முதல் 10 நிமிடம் ஆகலாம்.

இதில் கெடும் வழி இரண்டு. தண்ணீர் ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டால் பொடி பருமன், அல்லது நடுவில் ஓட்டை விழுந்து அதன் வழியாக ஓடியிருக்கிறது. சக்கையைப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிறிப் பள்ளமாகவும் மறுபக்கம் கருத்தும் இருக்கும். அடுத்த முறை இன்னும் சமமாக அமர்த்தி, தண்ணீரை ஒரே இடத்தில் விழாமல் கரண்டி மேல் விழவிட்டுப் பரப்புங்கள். கால் மணி நேரம் ஆகியும் சொட்டாவிட்டால் பொடி நைசு அல்லது அமர்த்தியது அதிகம். மேலிருந்து அழுத்தி வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். படுக்கை இன்னும் இறுகும்.

அடுப்பிலேயே போட்டுத்தான் பழக்கம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாவு போல நைசாக அரைத்த 10 கிராம் பொடியை 80 மில்லி குளிர்ந்த தண்ணீரில் கலந்து, மிகச் சிறு தீயில் வைத்து, நுரை பொங்கி மேலே வரும் கணத்தில் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவே கூடாது. மூன்று நிமிடம் தெளியவிட்டு மேலாக ஊற்றிக் குடிக்கலாம். கனமாக இருக்கும், மண்டியும் இருக்கும்; பாலோடு நன்றாகச் சேராது.

இன்ஸ்டன்ட் பொடியைக் காபி பிரியர்கள் முகம் சுளித்து ஒதுக்குவார்கள். ஆனால் அது முழுக்கக் கரையும் பொருள் என்பதை நினைவில் வையுங்கள். 3 கிராமை 30 மில்லி வெந்நீரில் கலக்கினால் 9 சதவீதம்; அசல் எஸ்பிரெசோவின் திடம் அப்படியே. எஸ்பிரெசோவின் ருசி வராது, தயாரிப்பிலேயே நிறைய வாசனை போய்விடுகிறது. அதனால் தனியாகப் போடுவதை விட, ஊறவைத்து எடுத்த 90 மில்லி டிகாக்‌ஷனில் ஒரு கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கு மேல், கரைத்துக்கொள்வது நல்ல உபாயம். வாசனை டிகாக்‌ஷனிலிருந்து வரும், ஒரு சதவீதத் திடம் இதிலிருந்து வரும். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரிவது கடினம்.

வடித்ததைச் சுண்டக் காய்ச்சித் திடமாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரோடு வாசனையும் ஆவியாகும். தவிர, சூட்டிலேயே நிற்கும் காபியில் சில பொருள்கள் உடைந்து குயினிக் அமிலம் கூடும். மணிக்கணக்கில் அடுப்பில் இருந்த காபியின் அந்தத் துவர்ந்த புளிப்பு அதுதான். தண்ணீரைப் பிரிக்கச் சூடுதான் வேண்டும் என்பதில்லை, குளிரும் பிரிக்கும். 200 மில்லி டிகாக்‌ஷனை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பாகத்துக்கு நிரப்பி உறையவைத்து, மூடியைத் திறந்து ஒரு டம்ளர் மேல் கவிழ்த்து வையுங்கள். முதலில் உருகிச் சொட்டுவது கருகருவென்று இருக்கும், ஏனென்றால் காபி கரைந்த பகுதிதான் முதலில் இளகும். 80 மில்லி சேர்ந்ததும் எடுத்துவிட்டால், உள்ளே நிற்பது ஏறக்குறைய வெளிறிய ஐஸ்தான். வாசனை பெரும்பாலும் அப்படியே இருக்கும். குளிர்ந்த பால் காபிக்கு இதைவிட நல்ல வழி வீட்டில் இல்லை என்பது என் கருத்து. பச்சைத் தண்ணீரில் 12 முதல் 16 மணி நேரம் ஊறவைக்கும் கோல்ட் பிரூவும் திடமாக வரும்தான், ஆனால் புளிப்பும் வாசனையும் மட்டுப்பட்டு மழுங்கலாக இருக்கும். எஸ்பிரெசோவைத் தேடுபவர்களுக்கு அது ஏமாற்றமாகவே படும்.

நுரை வேண்டும் என்பவர்களுக்கு: டிகாக்‌ஷனின் முதல் அரைத் தேக்கரண்டியை 2 தேக்கரண்டிச் சர்க்கரையில் விட்டு, சர்க்கரை வெளுத்துக் களிம்பு போல ஆகும்வரை இரண்டு நிமிடம் அடியுங்கள். மீதி டிகாக்‌ஷனை அதன்மேல் மெல்ல ஊற்றினால் பொன்னிறமாக ஒரு படலம் மேலே மிதந்து வரும். பார்வைக்கு க்ரீமா, உண்மையில் சர்க்கரைப் பாகில் சிக்கிய காற்று. சர்க்கரை போடாதவர்களுக்கு இது உதவாது. பால் நுரைக்கு, பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கி, அதாவது ஆவி எழத் தொடங்கி, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி தோன்றுவதற்கு முன்பே இறக்கி, மத்தாலோ விஸ்காலோ அடியுங்கள். 70 டிகிரிக்கு மேல் போனால் பாலின் புரதம் உருமாறி நுரை நிற்காது, காய்ச்சிய வாடையும் வரும். ஜாடியில் போட்டுக் குலுக்குவதானால் குளிர்ந்த பாலைப் பாதி ஜாடி மட்டும் ஊற்றிக் குலுக்கி, அதன்பின் மூடியைத் திறந்து சூடாக்குங்கள். சூடான திரவத்தை இறுக மூடிக் குலுக்கினால் ஆவி அழுத்தத்தில் மூடி பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

அதே காரணத்துக்காக, பிரஷர் குக்கரில் குழாய் செருகி எஸ்பிரெசோ எடுக்கும் முயற்சிகளைத் தொடவே வேண்டாம். குக்கரின் அழுத்தம் ஒரு பாரைச் சுற்றித்தான், 9 பார் கிட்டப் போவதே இல்லை; ஆனால் 120 டிகிரி ஆவி தோலைப் பொசுக்கக் கொஞ்ச நொடி போதும். பலனில்லாத ஆபத்து அது.

உடம்பின் கணக்கும் பார்க்க வேண்டும். அராபிகா வகைக் காபிக் கொட்டையில் எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபீன். ரொபஸ்டா வகையில் ஏறக்குறைய இரு மடங்கு. மேலே சொன்ன 30 கிராம் அராபிகா டிகாக்‌ஷன் முழுவதையும் ஒருவரே குடித்தால் 200 மில்லிகிராம் அளவு உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, நாளுக்கு 400 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200. ரொபஸ்டா கலந்த பொடியானால் பாதி அளவே ஒருவருக்குப் போதும். இன்னொன்று, கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிக்கும் காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் தங்கி, கெட்ட கொழுப்பைக் கூட்டும். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், துணி அந்த அளவுக்குப் பிடிக்காது. கொலஸ்ட்ரால் பிரச்சினை உள்ளவர்கள் துணிமேல் ஒரு காகித வடிகட்டியையும் வையுங்கள். கனம் கொஞ்சம் குறையும், வேறு நஷ்டமில்லை.

முதல் தடவையே சரியாக வராது. ருசியைப் பார்த்து ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். நாக்கின் ஓரத்தில் சுரீரென்று புளித்து, அடியில் வெறுமையாக இருந்தால் காபி போதிய அளவு இறங்கவில்லை: கொஞ்சம் நைசாக அரையுங்கள், அல்லது ஜாடியை இன்னும் சூடாக்குங்கள், அல்லது 4 நிமிடத்தை 5 ஆக்குங்கள். விழுங்கியபின்னும் தொண்டையில் கசப்பும் வறட்சியும் நின்றால் அதிகம் இறங்கிவிட்டது: பதத்தைப் பருமனாக்குங்கள், 3 நிமிடத்தில் வடியுங்கள். கசப்பு இல்லை, புளிப்பும் இல்லை, ஆனால் நீர்த்திருக்கிறது என்றால் மட்டுமே பொடியைக் கூட்டுங்கள். பொடியை எடை போட்டே எடுங்கள். கரண்டியில் அமுக்கி எடுப்பதற்கும் தளர்வாக எடுப்பதற்கும் கால் பங்கு வித்தியாசம் வரும், முந்தைய நாள் கிடைத்த ருசியை மறுநாள் பிடிக்க முடியாது.

டிகாக்‌ஷன் மிஞ்சினால் சூட்டில் வைக்காமல் உடனே ஆறவைத்து, வாய்வரை நிரப்பிய சின்ன பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பால் காபிக்கு ஆகும். அதற்கு மேல் வாசனை போய்விடும். திரும்பச் சூடாக்க வேண்டாம், பாலை மட்டும் நன்றாகச் சூடாக்கிச் சேருங்கள். துணியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி, ஈரத்தோடேயே ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காயவிட்டால் அதில் படிந்த காபி எண்ணெய் சிக்கு வாடை பிடித்து அடுத்த டிகாக்‌ஷனைக் கெடுக்கும். அலசியபின்னும் அந்த வாடை வந்தால் துணியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.